கதவில் செருகிய வேப்பிலையும் கதவில் ஒட்டிய சீட்டும்

கேள்வி: "சென்னை அம்பத்தூரில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். தாய்மாமாவுக்குக் காசநோய் என்று தெரிந்து, மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். நூறு நாள் வேலையில் பக்கத்தில் நிற்க மறுக்கிறார்கள். அம்மாவோ யாரிடமும் சொல்லாதே என்கிறார். சுகாதாரத் துறையினர் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார். கிராமத்து மக்களின் இந்த அறியாமையை எப்போதுதான் ஒழிப்பது?"

தம்பி, உங்கள் மாமா மூன்று வாரமாக மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார் என்பதே நல்ல செய்தி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரக் கிராமங்களில் சுகாதார ஆய்வாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தவன். ஓய்வு பெற்றுப் பெரம்பூரில் இருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஆனால் "அறியாமை" என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பணியில் சேர்ந்த புதிதில் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லித் திரிந்ததால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றது.

1990களின் தொடக்கம். ஒரு கிராமத்தில் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியான ஒருவர் ஒரு மாதமாக மருந்து வாங்க வரவில்லை. இப்படி நடுவில் நிறுத்தியவர்களைத் தேடிப் போய் மீண்டும் தொடங்கவைப்பது எங்கள் வேலை. காலை பத்து மணிக்கு ஜீப்பில் போனோம். அவர் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். பதிவேட்டைக் கையில் விரித்துக்கொண்டு, அவர் பெயரையும் அப்பா பெயரையும் உரக்கப் படித்து, "இந்த வீடுதானே?" என்று எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களிடம் கேட்டேன். அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தை மாதம் பரிசம் போடுவதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் நான் போனபோது அந்தப் பெண்ணின் தாய் என்னைத் திட்டவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "நல்லது செய்யத்தான் வந்தீர்கள், சார். ஆனால் ஜீப்பில் வந்தீர்களே" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகு நான் எந்தக் காசநோயாளியின் வாசலிலும் வண்டியை நிறுத்தியதில்லை. சைக்கிளைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு நடந்து போவேன். நாலு வீடுகளில் காய்ச்சல் விசாரித்துவிட்டு ஐந்தாவதாக அந்த வீட்டுக்குப் போவேன்.

அந்தக் குடும்பத்துக்குக் காசநோய் பரவும் என்பது தெரியும். மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்பதும் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது: பெயர் வெளியே வந்தால் என்னென்ன நடக்கும் என்பது. பெண்ணுக்கு வரன் நிற்கும். நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். பால் சங்கத்தில் அந்த வீட்டுப் பாலை ஊற்ற விடமாட்டார்கள். இவையெல்லாம் கண்ணெதிரே நடப்பவை. உங்கள் அம்மா கதவைச் சாத்துவதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான். அவர் கணக்கில் தவறு இல்லை. நோய் வெளியே தெரிந்தால் நட்டம் வராதபடி நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் நோட்டீஸ் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் கதவு திறக்காது.

கிராமத்துக்குத் தொற்று என்றால் என்னவென்று தெரியாது என்பவர்கள் அம்மை கண்ட வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தால் ஊரே விளங்கிக்கொள்ளும். வெளியாள் உள்ளே போவதில்லை. அந்த வீட்டிலிருந்து யாரும் விசேஷத்துக்குப் போவதில்லை. அடுப்பில் தாளிப்பதில்லை. முத்து உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அந்தக் கட்டுப்பாடு நிற்கும். சின்னம்மை எப்படிப் பரவுகிறது என்று மருத்துவம் சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிலிருந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது பரவும். தண்ணீர் ஊற்றும் நாளும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. யாரும் சட்டம் போடாமல், காவலர் நிற்காமல், ஊர் தானாகவே கடைப்பிடித்த தனிமைப்படுத்தல் அது.

அதில் நான் மிக மதிப்பது இன்னொன்று. அந்த வீட்டுக்கு அவமானம் இல்லை. "ஆத்தா வந்திருக்கிறாள்" என்றுதான் சொல்வார்கள். படுத்திருக்கும் பிள்ளையை ஒதுக்கப்பட்டவனாக யாரும் பார்ப்பதில்லை. ஆத்தா இறங்கியிருக்கும் உடம்பாகப் பார்க்கிறார்கள். இளநீரும் கூழும் பக்கத்து வீட்டிலிருந்து வாசல்வரை வரும். தனிமை உண்டு, ஒதுக்கல் இல்லை. இந்த இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்த சமூகத்தை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சொல்வதால், அம்மை கண்டால் மருத்துவமனைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். மூச்சு வாங்கினால், பிள்ளை துவண்டுபோனால் உடனே கொண்டுபோக வேண்டும். "ஆத்தா கோபித்துக்கொள்வாள்" என்று தாமதித்துப் பறிகொடுத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் நான் சாமியை மறுத்துப் பேசியதே இல்லை. "ஆத்தாவுக்குச் செய்ய வேண்டியதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை டாக்டர் செய்யட்டும்" என்பேன். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது.

இனி அரசு வந்த வழியைப் பாருங்கள். 1897-இல் பம்பாய்ப் பிளேக் நோயை ஒட்டி வெள்ளையர் அரசு கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. வீடு புகுந்து சோதிப்பது, ஆளைப் பிரித்துக் கொண்டுபோவது என்று நடந்தவை மக்கள் மனதில் நோயைவிட ஆழமாகப் பதிந்தன. சென்னையில் கிண்டி கிங் நிலையம் 1899-இல் பெரியம்மைத் தடுப்புமருந்தான அம்மைப்பால் தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. அந்த அம்மைப்பால் எத்தனை உயிரைக் காத்தது என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் "அம்மை குத்துகிறவர் வருகிறார்" என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் ஒளிந்த கதையை என் பாட்டி சொல்லியிருக்கிறார். 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவுக்கே முன்மாதிரி. நம் மாநிலத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறையும் தனி அலுவலர்களும் இருப்பது நமக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் சட்டத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு வாசலில் நின்று தண்ணீர் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பயிற்சியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கொரோனா காலத்தில் இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. சென்னையில் நோய் கண்ட வீட்டுக் கதவுகளில் சீட்டு ஒட்டினார்கள். வேப்பிலையும் சீட்டும் சொல்ல வந்தது ஒன்றுதான்: உள்ளே வராதீர்கள். ஆனால் வேப்பிலையை வீட்டுக்காரரே செருகுகிறார். சீட்டை வெளியிலிருந்து வந்தவர் ஒட்டுகிறார். சீட்டு ஒட்டிய வீட்டைத் தெருவே குற்றவாளி வீடாகப் பார்த்தது. பரிசோதனைக்குப் போகாமல் காய்ச்சல் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் முடங்கியவர்கள் என் தெருவிலேயே உண்டு. 2020 டிசம்பரில், உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் இப்படிச் சீட்டு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் முதல் அலையே ஓய்ந்திருந்தது.

கோயம்பேடு உங்களுக்கு நினைவிருக்கும். 2020 மே முதல் வாரத்தில் சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்களும் காய்கறி ஏற்றியவர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்குத் திரும்பினார்கள். நோயும் அவர்களோடு போனது. "கோயம்பேட்டிலிருந்து வந்தவன்" என்பது அன்று வசைச்சொல் ஆயிற்று. ஊர் எல்லையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். தோப்பில், மோட்டார் கொட்டகையில் படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. இதைப் பட்டிக்காட்டுக் கொடுமை என்று சென்னைக்காரர்கள் பேசியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய விடாமல், இதே சென்னையில், படித்தவர்கள் வாழும் பகுதியில், கூட்டம் கூடிக் கல்லெறிந்து ஆம்புலன்ஸை உடைத்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் இரவோடு இரவாக மண்வெட்டி பிடித்து அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. அச்சத்துக்குப் பட்டணம், பட்டிக்காடு என்ற பேதம் கிடையாது.

வதந்தியும் அப்படித்தான். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுவரை எல்லோருக்கும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கினோம். வாட்ஸ்அப்பில் வந்த பொய்ச் செய்திகளைப் பார்த்துப் பெற்றோர் மறுத்தார்கள். முகாம் நாளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பெரம்பூரில் எங்கள் தெருப் பொறியாளர் ஒருவர் தம் மகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள் தம் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் போட்டுக்கொண்டு வந்தார். "எங்கள் ஊர் நர்சம்மா சொன்னால் தப்பாக இருக்காது" என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த நர்சம்மா, அதாவது கிராம சுகாதாரச் செவிலியர், அவருடைய மகளுக்குப் பிரசவம் பார்த்தவர்.

ஆள் தெரிந்தவராக இருந்தால் கிராமம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று திருவள்ளூர் வட்டாரத்திலேயே இருக்கிறது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க 1968-இல் தொடங்கிய ஆய்வு அது. உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு. இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். ஊசி போட்டுக்கொண்டார்கள், எக்ஸ்ரே எடுக்க நின்றார்கள், சளி கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது, அதனால்தான் பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அந்த முடிவு, நம் கிராமத்து மக்கள் சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டியதால் கிடைத்தது. அவர்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

உங்கள் மாமாவின் நிலைக்கு நேராகப் பொருந்துவது சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு. தாம்பரத்துக்கு அடுத்து ரயிலில் "சானடோரியம்" என்று ஒரு நிலையம் வருகிறதே, அந்தப் பெயர் 1928-இல் அங்கே அமைந்த காசநோய் இல்லத்தால் வந்தது. காசநோய் என்றால் வீட்டைவிட்டுப் பிரித்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதே அன்றைய மருத்துவம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களை அவர்கள் வீட்டிலேயே, நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலேயே விட்டு, அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். செவிலியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டாரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் சென்னை. அந்தச் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள உங்கள் ஊர் டீக்கடைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்தத் தனி டம்ளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காசநோய் டம்ளரால் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால் பரவுகிறது. அப்படியிருக்க டம்ளர் ஏன்? இரட்டைக் குவளை என்ற கொடுமை நம் ஊர் டீக்கடைகளில் இருந்தது. யாரைத் தொடலாம், யார் குடித்ததில் குடிக்கலாம் என்ற பழைய பாகுபாட்டுக்கு நோய் ஒரு புதிய காரணம் கொடுத்துவிட்டது. சாதியை விட்டுவிட்டுக் கிராமத்துத் தொற்றுநோயைப் பேசவே முடியாது. சுகாதார முகாமை ஊர்க்கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். பிறகு "காலனிக்காரர்கள் ஒத்துழைப்பதில்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். நான் அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். முகாமைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியதும், மாலை நேரத்துக்கு வைத்ததும், வராதவர்கள் வந்தார்கள். பகலில் வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதையும் நாங்கள் மெதுவாகத்தான் புரிந்துகொண்டோம்.

எய்ட்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாக முடிக்கிறேன். 1986-இல் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பின்னாளில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் சுவரெங்கும் வந்தது. வாய்திறந்து பேசவைத்தது, அது நல்லது. ஆனால் கிராமத்தில் அந்த நோயை நடத்தையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கணவனிடமிருந்து தொற்று வாங்கிய பெண்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். தொழுநோயிலோ சட்டமே ஒதுக்கலுக்குத் துணை நின்றது. 1980களிலேயே குணமாக்கும் கூட்டு மருந்து வந்துவிட்டது. ஆனால் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019-இல்தான் நீங்கியது. மருந்து வந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகு சட்டம் திருந்தியது. ஊர் மட்டும் உடனே திருந்த வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

சரி, உங்கள் மாமாவுக்கு வருவோம். பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால், ஒழுங்காக மாத்திரை சாப்பிடத் தொடங்கிய இரண்டு, மூன்று வாரத்திலேயே மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அவருக்கு எந்த வகை என்று சளிப் பரிசோதனை முடிவில் எழுதியிருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மாத்திரையின் நிறம். "ரத்தமாகப் போகிறது" என்று பயந்து நிறுத்தியவர்கள் என் கணக்கில் பலர், இதை முதலிலேயே மாமாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும்போதுதான் இன்னொரு கண்டம். "சரியாகிவிட்டது, இனி எதற்கு" என்று தோன்றும். அப்போது நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமியாக அது திரும்பி வரலாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்களா? பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் இந்த ஆறு மாதம் கண்டிப்பாகக் கூடாது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். இதற்காகத்தான் சுகாதாரத் துறையினர் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள், பேரப்பிள்ளைக்காக என்றால் கதவு திறக்கும். ஊருக்குள் அவர்கள் வருவது பிடிக்கவில்லை என்றால் நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பேசுங்கள். வேறு நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு, கேட்டால் மாற்றித் தருவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டை மருந்துக்குச் சமமாக வையுங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கும் உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அரசு சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் போடும் தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். மாமாவின் கணக்கில் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். முட்டை, நிலக்கடலை, பருப்பு, கீரை போதும். டின்னில் விற்கும் சத்துமாவுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அவர் எழுந்து நிற்கவே தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ, மிக மெலிந்து கால் வீங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். இந்த அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே பார்த்து மருத்துவமனையில் சேர்ப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. 108-ஐ அழைத்துக் கொண்டுபோங்கள்.

டீக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் ஊர் நர்சம்மாவை ஒரு நாள் காலை அந்தக் கடையில் டீ குடிக்க அழைத்துப் போங்கள். மாமாவும் பக்கத்தில் இருக்கட்டும். நர்சம்மா எதையும் சொல்லவேண்டியதில்லை, அவரோடு உட்கார்ந்து குடித்தாலே போதும். நூறு நாள் வேலையில் பொறுப்பாளரிடம் மட்டும் தனியாகப் பேசி, ஒரு மாதம் ஓய்வுக்குப் பிறகு மாமாவுக்கு நிழலில் செய்யும் இலகுவான வேலை கிடைக்குமா என்று கேளுங்கள். அவர் நின்று வேலை செய்வதைப் பார்த்தால் மற்றவர்கள் தாமாகவே நெருங்குவார்கள், பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், மதியச் சாப்பாட்டை மாமாவோடு திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள், தெரு பார்க்கட்டும். கிளம்புவதற்கு முன் அவருடைய எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மீண்டும் பார்த்து இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.